பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் 32 ஆண்டுகள் ஏன் மறுக்கப்பட்டது?

2025 செப்டம்பர் 21. டோக்கியோவில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். பெண்கள் 800 மீட்டர் இறுதிப்போட்டியில் நடப்பு சாம்பியனான கென்யாவின் மேரி மொரா ஆரம்பத்திலேயே வேகத்தை ஏற்றிவிட்டார். முதல் சுற்று 56 விநாடிக்குள் முடிந்தது. அப்படிப் போனால் கடைசி நூறு மீட்டரில் யாருக்காவது கால் கனத்துவிடும் என்பது இந்த ஓட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். கனத்தது. பின்னாலிருந்து வந்த இன்னொரு கென்யப் பெண் லிலியன் ஒடிரா எல்லோரையும் தாண்டி 1:54.62இல் கோட்டைத் தொட்டார். பிரிட்டனின் ஜார்ஜியா ஹண்டர் பெல் 1:54.90, அதே நாட்டின் ஒலிம்பிக் சாம்பியன் கீலி ஹாட்ஜ்கின்சன் 1:54.91. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நூறில் ஒரு விநாடி.

ஒடிரா இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 1983இல் ஹெல்சின்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராட்டோக்விலோவா ஓடிய 1:54.68தான் அதுவரை போட்டிச் சாதனை. 42 ஆண்டுகளாக அசையாமல் இருந்ததை ஒடிரா உடைத்தார் என்றுதான் செய்திகள் எழுதின. சரியான செய்திதான். ஆனால் பெண்கள் 800 மீட்டரின் வரலாற்றில் என்னை அதிகம் உறுத்தும் எண் 32. 1928க்கும் 1960க்கும் இடையில் இந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லவே இல்லை. ஒருமுறை ஓடவிட்டார்கள், பார்த்தார்கள், எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம், களத்தில் நடந்ததோடு பொருந்தவில்லை.

முதலில் அந்த ஓட்டம் எப்படி உள்ளே வந்தது என்று பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கைத் தொடங்கி வைத்த பியர் தெ குபெர்த்தானுக்குப் பெண்கள் போட்டியிடுவதில் கொஞ்சமும் விருப்பமில்லை. டென்னிஸ், நீச்சல் என்று சில விளையாட்டுகள் திறந்தாலும் தடகளக் கதவு மூடியே இருந்தது. அதைத் தட்டியவர் பிரான்ஸின் ஆலிஸ் மில்லியா. கேட்டுக் கிடைக்காதபோது அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கென்று சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, 1922இல் பாரிஸில் தனியாகவே ஒரு போட்டி நடத்திக் காட்டினார். 1926இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் அடுத்தது. கூட்டம் வந்தது, சாதனைகள் விழுந்தன. இவர்களை இப்படியே விட்டால் கட்டுப்பாடு கைநழுவிவிடும் என்று ஆண்களின் கூட்டமைப்பு இறங்கிவந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து போட்டிகள் தருவதாக முடிவானது: 100 மீட்டர், 800 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம், உயரம் தாண்டுதல், வட்டெறிதல். இவ்வளவுதானா என்று கொதித்துப்போன பிரிட்டிஷ் வீராங்கனைகள் அந்த ஒலிம்பிக்குக்கே போகவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று தகுதிச்சுற்று. மறுநாள் இறுதி. ஒன்பது பேர் கோட்டில் நின்றார்கள். அவர்களில் இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் கினுயே ஹிதோமி. ஜப்பானின் ஒகயாமாவில் பிறந்தவர், வயது 21. ஒசாகாவில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் வேலை. கோதன்பர்க் போட்டிக்கு சைபீரியா வழியாக ரயிலில் போய் வந்தவர். நீளம் தாண்டுதல்தான் அவருடைய பலம். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு நீளம் தாண்டுதல் இல்லை. 100 மீட்டரில் நம்பிக்கை வைத்திருந்தார், அரையிறுதியிலேயே வெளியேறிவிட்டார். ஜப்பான் தடகள அணியில் அவர் ஒருவர்தான் பெண். வெறுங்கையோடு ஊர் திரும்ப முடியாது என்று 800 மீட்டரில் இறங்க அனுமதி கேட்டார். அதற்கு முன் எந்தப் போட்டியிலும் அவர் அந்தத் தூரத்தை ஓடியதில்லை.

இன்னொருவர் கனடாவின் பாபி ரோசன்ஃபெல்ட். 100 மீட்டரில் வெள்ளி வென்றவர். 800 மீட்டருக்கு அவர் பயிற்சி எடுக்கவே இல்லை. அணியின் இளையவரான 17 வயது ஜீன் தாம்ப்சனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று இறக்கிவிடப்பட்டார். கடைசிச் சுற்றில் தாம்ப்சன் தளர்வதைப் பார்த்தவர், பின்னாலிருந்து வேகமெடுத்து வந்து அவர் பக்கத்திலேயே ஓடினார். பேசித் தைரியம் கொடுத்தார். தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை. தாம்ப்சன் நான்காவது, ரோசன்ஃபெல்ட் ஐந்தாவது. அந்த இறுதிப்போட்டியில் நடந்தவற்றில் பத்திரிகைகள் பெரிதாக எழுதியிருக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

வென்றவர் ஜெர்மனியின் லினா ராட்கே. கணவர் கியோர்க் ராட்கேதான் பயிற்சியாளர். ஒன்பது பேரில் இந்தத் தூரத்துக்கென்றே முறையாகத் தயாராகி வந்தவர் என்று அவரைச் சொல்லலாம். 2:16.8, உலக சாதனை. அதை முறியடிக்க 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹிதோமி 2:17.6இல் வெள்ளி, ஸ்வீடனின் இங்கா கென்ட்செல் 2:17.8இல் வெண்கலம். முதல் மூவருமே முந்தைய உலக சாதனையைவிட வேகமாக ஓடியிருந்தார்கள். தடகளத்தில் ஜெர்மனிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் ராட்கேயுடையது. ஜப்பானியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் ஹிதோமியுடையது.

சரி, பத்திரிகைகள் என்ன எழுதின? நியூயார்க் டைம்ஸ் நிருபர், ஒன்பது பேரில் ஆறு பேர் முற்றிலும் சோர்ந்து தரையில் விழுந்ததாகவும், இந்தத் தூரமே பெண்களின் சக்திக்கு மீறியது என்பது தெளிவாகிவிட்டதாகவும் எழுதினார். பெயர்பெற்ற இன்னொரு அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் ஒருபடி மேலே போனார். ஓடியவர்கள் 11 பேராம். ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்களாம். ஐந்து பேர் முடித்தபின் சுருண்டு விழுந்தார்களாம். ஓடியவர்களே ஒன்பது பேர்தான். ஒன்பது பேரும் முடித்தார்கள். எண்ணிக்கையைக்கூடச் சரியாக எழுதாத ஒரு செய்தி, பல பத்தாண்டுகளுக்கு ஆதாரமாக மேற்கோள் காட்டப்பட்டது. லண்டன் பத்திரிகை ஒன்றோ, இப்படி ஓடினால் பெண்களுக்குச் சீக்கிரம் முதுமை வந்துவிடும் என்று மருத்துவக் கருத்து வெளியிட்டது.

அந்த ஓட்டத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. கடைசி மீட்டர்களும் அதற்குப் பின் சில கணங்களும் அதில் தெரிகின்றன. கோட்டைத் தாண்டியதும் ஒருவர் விழுகிறார். சிலர் புல்தரையில் சாய்கிறார்கள். யாருமே களைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஹிதோமி துளிச் சக்தியும் மிச்சமில்லாமல் ஓடி முடித்தார். பழக்கமே இல்லாத தூரத்தை, முந்தைய நாள் தகுதிச்சுற்றும் ஓடிவிட்டு, உலக சாதனை வேகத்தில் ஓடியவர் வேறு எப்படி இருப்பார்?

800 மீட்டர் ஓடி முடித்தவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பதற்கு உடலியலில் நேரான விளக்கம் இருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஆக்சிஜனோடு கிடைப்பது. மீதியை ஆக்சிஜன் இல்லாமலே தசை உருவாக்கிக்கொள்கிறது. அதன் விளைவாகத் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது. கடைசி 150 மீட்டரில் முழங்கால் உயர மறுப்பதும், தோள் இறுகிக் காதுவரை ஏறுவதும் அதனால்தான். அப்புறம் கோட்டைத் தாண்டியதும் திடீரென்று நின்றால் இன்னொன்றும் நடக்கும். ஓடும்போது கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. கால் நின்றுவிட்டால் அந்தத் தள்ளல் நின்றுபோய் ரத்தம் கீழேயே தேங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது. படுத்துவிட்டால் சரியாகிவிடும். இது ஆணுக்கும் இப்படித்தான், பெண்ணுக்கும் இப்படித்தான். இன்றைக்கு எந்தப் பெரிய போட்டியிலும் ஹெப்டத்லானின் கடைசி ஓட்டத்தைப் பாருங்கள். அதுவும் 800 மீட்டர்தான். இரண்டு நாள் ஏழு போட்டிகளை முடித்த பெண்கள் கோட்டைத் தாண்டித் தடத்திலேயே மல்லாந்து கிடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, கைகோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். அரங்கமே எழுந்து கைதட்டும்.

அந்தக் காலத்திலும் ஆண்கள் விழுந்தால் அப்படித்தான் பார்த்தார்கள். 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி அரங்கத்துக்குள் பலமுறை விழுந்தார். நடுவர்கள் தூக்கிவிட்டார்கள், அதனால் தகுதி நீக்கமும் ஆனார். மறுநாள் இங்கிலாந்து ராணி அவருக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார். 1912 ஸ்டாக்ஹோம் மாரத்தானில் ஓடும்போதே சரிந்த போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ அடுத்த நாள் இறந்தே போனார். ஆண்கள் மாரத்தான் எடுக்கப்பட்டதா? இல்லை. ஆணின் சோர்வு வீரத்துக்குச் சாட்சியாகவும் பெண்ணின் சோர்வு பலவீனத்துக்குச் சாட்சியாகவும் வாசிக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் அந்த நிருபர்கள் பார்க்கப்போனதும் அதைத்தான், பார்த்துவிட்டு வந்ததும் அதைத்தான்.

தடகளப் போட்டிகள் முடிந்த கையோடு தடகளக் கூட்டமைப்பின் மாநாடு ஆம்ஸ்டர்டாமிலேயே கூடியது. பெண்கள் தடகளத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அது தோற்றது, 800 மீட்டர் மட்டும் பலியானது. இதில் ஒரு செய்தி மனதைக் குடையும்: கனடாவின் பிரதிநிதியாக வந்த லாம்ப் என்ற மருத்துவர், பெண்கள் போட்டிகளுக்கு எதிராக வாக்களித்தார். அவர் நாட்டுப் பெண்கள் அதே வாரத்தில் தொடர் ஓட்டத்திலும் உயரம் தாண்டுதலிலும் தங்கம் வாங்கியிருந்தார்கள்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போனது என்பது பலருக்குத் தெரியாது. 1932, 1936 ஒலிம்பிக்குகளில் பெண்களுக்கு இருந்த மிக நீண்ட தனிநபர் ஓட்டம் 100 மீட்டர். 1948இல் 200 மீட்டர் வந்தது. 400 மீட்டர்கூட 1964 வரை கிடையாது. இந்தக் காலத்தில் பெண்கள் ஓடாமல் இருந்தார்களா என்றால், ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். சோவியத் யூனியனின் நினா ஒட்கலென்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததே 1928இல்தான். 800 மீட்டர் உலக சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்து, 1955இல் 2:05.0 வரை கொண்டுவந்தார். 1954 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் தங்கம். 1952இல் ஹெல்சின்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக் நடந்தபோது உலகிலேயே இந்தத் தூரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அங்கே அந்த ஓட்டமே இல்லை. அவருடைய உச்ச காலம் அப்படியே கழிந்தது. ஹிதோமி ஆம்ஸ்டர்டாம் ஓட்டத்துக்குச் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1931 ஆகஸ்ட் 2 அன்று, நிமோனியாவால் 24 வயதில் இறந்துவிட்டார்.

1960 ரோமில் 800 மீட்டர் திரும்ப வந்தது. சோவியத்தின் லுட்மிலா ஷெவ்த்சோவா 2:04.3இல் வென்றார். 1964 டோக்கியோவில் பிரிட்டனின் ஆன் பாக்கர். அவர் 400 மீட்டர்க்காரி. அதில் வெள்ளி வாங்கிவிட்டார். 800 மீட்டரில் அனுபவம் மிகக் குறைவு, ஓடாமல் கடைத்தெருவுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தாராம். கடைசி வளைவில் பின்னாலிருந்து கிளம்பி 2:01.1இல் உலக சாதனையோடு தங்கம். 1972 மியூனிக்கில் 1500 மீட்டர் அறிமுகமானது. சோவியத்தின் லுட்மிலா பிராகினா தகுதிச்சுற்று, அரையிறுதி, இறுதி என மூன்றிலும் உலக சாதனையை உடைத்து, 4:01.4இல் முடித்தார். கதவைத் திறந்துவிட்டால் எவ்வளவு வேகமாக நிறைகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1976இல் தத்யானா கசான்கினா ஒரே ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டையும் வென்றார். மாரத்தான் கிடைக்க 1984 வரை ஆனது.

ஒரு கணக்கு. 1928இல் ஆண்கள் 800 மீட்டரை பிரிட்டனின் டக்ளஸ் லோ 1:51.8இல் வென்றார். இன்றைய உலக சாதனை, கென்யாவின் டேவிட் ருடிஷா 2012 லண்டனில் ஓடிய 1:40.91. வித்தியாசம் சுமார் 11 விநாடி. பெண்களில் ராட்கேயின் 2:16.8இலிருந்து ஒடிராவின் 1:54.62 வரை 22 விநாடிக்கும் மேல். தடம் மாறியது, காலணி மாறியது, பயிற்சி மாறியது. அவை இரு பாலாருக்கும் பொது. மிச்ச வித்தியாசத்தில் பெரும்பங்கு, ஓட விடாததால் வந்தது. பெண்களின் உலக சாதனை 1983இல் கிராட்டோக்விலோவா மியூனிக்கில் ஓடிய 1:53.28, இன்னும் அப்படியே நிற்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் ஊக்கமருந்து பரவியிருந்த காலம் அது என்பதால் அதன்மீது சந்தேகம் உண்டு. அவர் மறுத்தே வந்திருக்கிறார், எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை.

இப்படி ஓடினால் தாய்மைக்கே கேடு என்று 1928இன் மருத்துவர்கள் பயந்தார்களே, அதையும் பார்த்துவிடலாம். கென்யாவின் ஃபெய்த் கிப்யெகான் 2016 ரியோவில் 1500 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2018இல் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று அதே ஓட்டத்தில் இன்னும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். 2025 ஜூலையில் 3:48.68 ஓடி உலக சாதனையை மேலும் குறைத்துவிட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவில் 1500 மீட்டரில் தன் நான்காவது உலகப் பட்டத்தையும் எடுத்தார். அந்த வரிசையில் பெரும்பகுதி, குழந்தை பெற்ற பிறகு வந்தது.

பெண்ணின் உடல் இதைத் தாங்குமா என்ற கேள்வி இப்படி அடங்கியது. இன்னொரு கேள்வி அதே தூரத்தில் ஏற்கெனவே முளைத்திருந்தது: இந்த உடல் பெண்ணின் உடல்தானா? 1934இல் லண்டனில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் 800 மீட்டரை வென்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் கூப்கோவா, ஓரிரு ஆண்டுகளில் ஜெனெக் கூபெக் என்ற பெயரில் ஆணாக வாழத் தொடங்கினார். அந்தப் பரபரப்புக்குப் பின்னால்தான், ஆட்சேபம் வந்தால் வீராங்கனையின் உடலைப் பரிசோதிக்கலாம் என்ற விதி உருவானது. 1966இல் மருத்துவர்கள் முன்னால் ஆடையின்றி நிற்க வைக்கப்பட்டார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. எல்லோருக்கும் கட்டாயம் என்ற முறையை ஒலிம்பிக் குழு 1999இல் கைவிட்டது. சந்தேகப்பட்டவர்களைச் சோதிப்பது தொடர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் 2:03.16 ஓடி வெள்ளி வென்றார். அடுத்த சில நாட்களில் பாலினப் பரிசோதனை, பதக்கப் பறிப்பு. தனக்கு நேர்ந்ததைத் தொலைக்காட்சிச் செய்தியில்தான் தெரிந்துகொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடலோடு ஓடினார். பின்னாளில் பயிற்சியாளராகத் தகுதி பெற்று, தமிழ்நாட்டிலேயே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்.

2009 பெர்லினில் உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவும் இதே பரிசோதனைக்கு உள்ளானார், உலகமே பார்க்க. 2018இல் தடகளக் கூட்டமைப்பு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ஒரு வரம்பைக் கொண்டுவந்தது. அது அப்போது 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும்தான் இருந்தது. இந்திய விரைவோட்டக்காரர் டூட்டி சந்த் தொடுத்த வழக்கால் முன்பிருந்த ஹார்மோன் விதி நிறுத்தப்பட்டு, புதியது வந்தபோது அவருடைய 100, 200 மீட்டர் தப்பின, நடுத்தூரம் மாட்டிக்கொண்டது. வேகமும் தாக்குப்பிடிப்பும் சேர்ந்து தேவைப்படும் தூரம் இது என்பதால், தசைக்கும் ரத்தத்துக்கும் உதவும் அந்த ஹார்மோனின் பலன் இங்கே கூடுதல் என்பது கூட்டமைப்பின் அன்றைய வாதம். 2019இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம், இது பாகுபாடுதான், ஆனாலும் தேவையானது என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல், பெண்கள் பிரிவில் உலக சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் ஒரு மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒடிரா வென்ற டோக்கியோதான் அந்த விதியின் கீழ் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்.

பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு எல்லை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான்காவதாக வந்து பதக்கத்தை இழந்தவரின் வருத்தமும் உண்மையானது. ஆனால் 1928இல் செய்த தவறு மறுபடி நடக்காமலிருக்கச் சில ஏற்பாடுகள் தேவை. அறிவியல் சொல்வதற்கு மேல் ஒரு வரியும் விதியில் ஏறக்கூடாது. முடிவு முதலில் சம்பந்தப்பட்ட பெண்ணுக்குத்தான் தெரிய வேண்டும், அவர் சம்மதிக்காமல் வெளியே போகக்கூடாது. அதை விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவரும், மேல்முறையீடு செய்யப் பணமும் அவகாசமும் அவருக்குக் கிடைக்க வேண்டும். கத்தக்குறிச்சியிலிருந்து போன ஒரு பெண்ணுக்கு தோஹாவில் இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.